புகையாகப் போகும் மருந்து: தண்ணீர்க் கணக்கும் காற்றுக் கணக்கும்

அறுவை அரங்குகளில் ஃபாகிங் செய்ய, அதாவது மருந்தைப் புகைபோலக் காற்றில் பரப்ப, வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கேனில் பெரும்பாலும் 11 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கூடவே மிகச் சிறிதளவு வெள்ளி நைட்ரேட்டும் கலந்திருக்கும். அந்தக் கேனுக்கான செய்முறையோ "20 சதவீதக் கரைசலாக்கிப் பயன்படுத்தவும்" என்று சொல்லும். 11 சதவீத மருந்தில் தண்ணீரை ஊற்றினால் வீரியம் குறையத்தானே செய்யும்? அது எப்படி 20 சதவீதம் ஆகும்?

இரண்டு சதவீதமும் வேறு வேறு. முதல் எண், கேனில் உள்ள திரவத்தில் பெராக்சைடு எவ்வளவு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், நீங்கள் தயாரிக்கும் கரைசலில் அந்தக் கேன் திரவம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆக, 200 மில்லி மருந்தோடு 800 மில்லி தண்ணீரைச் சேர்த்தால் ஒரு லிட்டர் "20 சதவீதக் கரைசல்" கிடைக்கும். அதில் இருக்கும் உண்மையான பெராக்சைடு 11-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2.2 சதவீதம்தான்.

இது புரியாத ஒருவர், "கேனில் இருப்பதே 11-தான், 20-க்கே போதவில்லை, தண்ணீர் எதற்கு?" என்று நினைத்து மருந்தை அப்படியே இயந்திரத்தில் ஊற்றிவிட்டால், அறைக்குள் ஐந்து மடங்கு பெராக்சைடு போகும். 800 மில்லிக்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீரில் 200 மில்லியை ஊற்றுவதும் தவறுதான். ஆனால் அதனால் வீரியம் 1.8 சதவீதமாகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முதல் தவறு ஆளை மருத்துவமனைக்கே அனுப்பக்கூடியது. அதனால் கலப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எதில் இத்தனை சதவீதம்?" என்பதே.

மீதிக் கணக்கு எளிது. கையில் இருக்கும் வீரியத்தை வேண்டிய வீரியத்தால் வகுங்கள். வருவது மொத்தப் பங்கு. அதில் ஒரு பங்கு மருந்து, மற்றதெல்லாம் தண்ணீர். வார்டுகளில் ஹைப்போ என்று அழைக்கப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை எடுத்துக்கொள்வோம். கேனில் 5 சதவீதம், தரை துடைக்க வேண்டியது 1 சதவீதம் என்றால் மொத்தம் 5 பங்கு. ஒன்றுக்கு நான்கு தண்ணீர். பத்து லிட்டர் வாளிக்கு 2 லிட்டர் ஹைப்போ, 8 லிட்டர் தண்ணீர். மேசை, கைப்பிடி துடைக்க 0.1 சதவீதம் போதும் என்றால் மொத்தம் 50 பங்கு. அதே வாளிக்கு 200 மில்லி ஹைப்போ, மீதி 9.8 லிட்டர் தண்ணீர்.

அடுத்த மாதம் கடைக்காரர் வேறு கேனை அனுப்புகிறார். நிறம் அதே, மணம் அதே, லேபிளில் மட்டும் 10 சதவீதம். பழைய வழக்கப்படி 200 மில்லியை ஊற்றினால் வாளியில் இரட்டிப்பு வீரியம். "எப்போதும் இரண்டு மூடிதான் ஊற்றுவோம்" என்ற கணக்கு இந்த இடத்தில்தான் காலை வாரும். மூடி ஓர் அளவே அல்ல. கேனுக்குக் கேன் அது மாறும். கோடு போட்ட அளவு ஜாடி ஒன்றை வாங்கி, மருந்துக்கென்றே ஒதுக்கி வைப்பதற்குப் பெரிய செலவாகாது.

1:10 என்று எழுதியிருந்தால் இன்னொரு குழப்பம். ஒரு பங்கு மருந்தோடு பத்துப் பங்கு தண்ணீரா, மொத்தமே பத்துப் பங்கா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். வீரியம் குறைந்த கரைசலில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. 1:2, 1:4 போன்ற இடங்களில் அது பெரிதாகிவிடும். சுவரில் ஒட்டும் செய்முறைத் தாளில் விகிதத்தை எழுதாமல், "மருந்து இத்தனை மில்லி, தண்ணீர் இத்தனை மில்லி" என்று எழுதுவதே நல்லது.

லேபிளில் உள்ள எண்ணும் என்றைக்கும் நிற்காது. ஹைப்போ தானாகவே சிதையும். வெயிலும் சூடும் பட்டால் வேகமாகச் சிதையும். தகரக் கூரைக்குக் கீழே கோடை முழுக்கக் கிடந்த கேனில், 5 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அவ்வளவு இருக்காது. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் கலந்த கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து, மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னது தண்ணீர்க் கணக்கு. துடைப்பதற்கு இது போதும். ஃபாகிங்குக்கு இது பாதிக் கணக்குதான்.

துடைக்கும்போது மருந்து தரையில் இருக்கிறது. ஃபாகர் அதே மருந்தை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துக் காற்றில் நிரப்புகிறது. குளிர்ப் புகை இயந்திரங்கள் வெளியிடும் துளிகள் பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். 10 மைக்ரானுக்குக் கீழான துளிகள் மூக்கு, தொண்டை ஆகிய தடைகளைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடியவை. துளி தரையில் விழாமல் நெடுநேரம் மிதக்கிறது, பொருள்களின் பின்பக்கம் வரை போகிறது என்பதுதான் ஃபாகிங்கின் பலம். ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: இந்த அறையின் ஒரு கன மீட்டர் காற்றில் எவ்வளவு மருந்து போகிறது?

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பெராக்சைடு ஃபாகிங்குக்குப் புழக்கத்தில் உள்ள அளவு, 1000 கன அடி அறைக்கு ஒரு லிட்டர் "20 சதவீதக் கரைசல்". நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி உள்ள அறை அது. மீட்டரில் சொன்னால் சுமார் 28 கன மீட்டர். நீளம் 20, அகலம் 18, உயரம் 10 அடி உள்ள அரங்கு என்றால் 3600 கன அடி. அதற்கு 3.6 லிட்டர் கரைசல், அதாவது 720 மில்லி மருந்தும் 2880 மில்லி தண்ணீரும் வேண்டும். உயரத்தைப் பெருக்க மறந்துவிட்டுத் தரையின் பரப்பை மட்டும் வைத்து அளவு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

இப்போது 1000 கன அடி அறைக்கே திரும்புவோம். ஒரு லிட்டர் கரைசலில் 2.2 சதவீதம் என்றால் 22 கிராம் பெராக்சைடு. அதை 28.3 கன மீட்டரில் பரப்பினால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 777 மில்லிகிராம். எட்டு மணி நேர வேலைநாளின் சராசரியாக மனிதர் சுவாசிக்கலாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா வகுத்திருக்கும் வரம்பு, கன மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், காற்றில் 1 பி.பி.எம். நம் அறையில் இருப்பது அதைப்போல் 550 மடங்கு. உடனடியாக உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவு 75 பி.பி.எம். நம் எண் அதையும் ஏழு மடங்கு தாண்டி நிற்கிறது.

உண்மையில் அவ்வளவும் ஒரே நேரத்தில் காற்றில் இருக்காது. ஒரு பகுதி தரையிலும் மேசையிலும் படியும், ஒரு பகுதி தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துபோகும். நாம் போட்டது உச்சக் கணக்கு. ஆனாலும் ஒன்று விளங்குகிறது: சரியான அளவில், ஒரு சொட்டும் கூடாமல் கலந்த மருந்தும் காற்றில் ஏறியபின் மனிதர் நிற்கக்கூடாத அளவுக்குப் போய்விடுகிறது. "நன்றாகத் தண்ணீர் கலந்துவிட்டோமே, ஆள் இருந்தால் என்ன?" என்ற கேள்விக்கு இந்த எண்தான் பதில். ஃபாகிங்கில் பாதுகாப்பான வீரியம் என்று சொல்வது ஆளில்லாத அறைக்குத்தான்.

பி.பி.எம். என்ற அளவே இங்கே பலரைத் தவறாக வழிநடத்துகிறது. 0.1 சதவீத ஹைப்போ என்றால் 1000 பி.பி.எம். அது திரவத்துக்கான கணக்கு, லிட்டருக்கு 1000 மில்லிகிராம். காற்றில் குளோரினுக்கு ஓஷா வைத்திருக்கும் உச்சவரம்பும் பி.பி.எம்.மில்தான்: வெறும் 1. காற்றில் அது கன அளவுக்குக் கன அளவு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வாளியில் ஆயிரம் இருந்தால் கவலையில்லை. காற்றில் ஒன்றைத் தாண்டினாலே ஆபத்து. இரண்டையும் ஒரே அளவாக எண்ணி ஒப்பிடவே கூடாது.

தோலுக்குத் தீங்கில்லாதது நுரையீரலுக்கும் தீங்கில்லாதது என்று நம்பியதன் விலையைத் தென்கொரியா கொடுத்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக் காற்றை ஈரமாக்கும் கருவி வைப்பார்கள். அதன் தண்ணீரில் பாசி, கிருமி வராமலிருக்க ஊற்றும் கிருமிநாசினி 1994 முதல் கடைகளில் விற்றது. அதில் பி.எச்.எம்.ஜி. போன்ற வேதிப்பொருள்கள் இருந்தன. வாயால், தோலால் உடலுக்குள் போனால் தீங்கு குறைவு என்று கருதப்பட்டவை அவை. மூச்சு வழியாகப் போனால் என்ன ஆகும் என்று யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை. லேபிளில் சொன்னபடி, நன்றாகத் தண்ணீர் கலந்துதான் மக்கள் பயன்படுத்தினார்கள். 2011-இல் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் காரணம் தெரியாத கடுமையான நுரையீரல் நோய் வந்தபோதுதான் விசாரணை இந்தப் புட்டிகளில் போய் நின்றது. நூற்றுக்கணக்கானோர், அவர்களில் பல குழந்தைகள், இறந்தார்கள். மூடியை அளந்து ஊற்றியவர்கள்மீது எந்தப் பிழையும் இல்லை. அளவு சரியாகவே இருந்தது. அந்தப் பொருளைத் துளியாக்கிக் காற்றில் விட்டதே தவறு.

இந்தக் காரணத்தால்தான் வீட்டில் இருக்கும் தரை துடைக்கும் திரவம், டெட்டால், ஃபினாயில் எதையும் ஃபாகரில் ஊற்றக்கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தரையில் நன்றாக வேலை செய்யும் பொருள் புகையாகவும் வேலை செய்யும் என்பது கற்பனை. லேபிளில் ஃபாகிங் என்று வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை கன அடிக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் அறையை மூட வேண்டும் என்று எழுதியிருந்தால் மட்டுமே அந்த மருந்து ஃபாகருக்கு உரியது. சானிடைசரை ஊற்றுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம்: 70 சதவீத ஆல்கஹாலின் ஆவி நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். மூடிய அறையில் அதைத் துளியாக நிரப்பிவிட்டு யாராவது சுவிட்சைப் போட்டால் போதும்.

ஹைப்போவைப் பற்றி என் கருத்து: அதை ஃபாகரில் ஊற்றவே வேண்டாம். உலோகத்தை அரிக்கும், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், கொஞ்சம் அழுக்கு இருந்தாலே வீரியத்தை இழந்துவிடும். துணியில் நனைத்துத் துடைத்தால் அது அருமையான மருந்து. அங்கேயே அதை வைத்துக்கொள்வோம். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீருக்கு இன்னொரு குறையும் உண்டு: கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கி இயந்திரத்தின் மூக்கை அடைத்துவிடும்.

ஃபார்மலின் கதை வேறு. ஒரு தலைமுறைக்கு முன்பு அறுவை அரங்கு என்றாலே ஃபார்மலின் புகைதான். 1000 கன அடிக்கு 500 மில்லி ஃபார்மலின், ஒரு லிட்டர் தண்ணீர் என்ற பாடத்தை மருத்துவம் படித்தவர்கள் இன்றும் ஒப்பிப்பார்கள். நாமக்கல் பக்கம் குஞ்சு பொரிக்கும் கூடங்களில் பொட்டாசியம் பர்மாங்கனேட்டோடு சேர்த்துப் புகை போடுவது பழகிய முறை: 100 கன அடிக்கு 40 மில்லி ஃபார்மலின், 20 கிராம் பர்மாங்கனேட். அறுவை அரங்கின் அளவையே எடுத்துக்கொண்டு காற்றுக் கணக்குப் போடுவோம். 500 மில்லியில் சுமார் 200 கிராம் ஃபார்மால்டிஹைடு. கன மீட்டருக்கு ஏழு கிராமுக்கு மேல் வருகிறது. மூச்சுக்கான ஓஷா வரம்பு 0.75 பி.பி.எம்., அதாவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. ஏழாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ அதைப் பாதுகாப்பானதாக்க முடியாது. வேறு வழி இருக்கும்போது அதைக் கைவிடுவதே சரி.

2020-இல் இந்தப் பாடங்களை எல்லாம் கொரோனாப் பதற்றம் மறக்கடித்தது. திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் கிருமிநாசினிச் சுரங்கம் ஒன்றை அமைத்தார்கள். சந்தைக்கு வருபவர்மீது ஹைப்போ துளிகள் தெளிக்கும். மற்ற ஊர்களும் பார்த்துச் செய்தன. சில நாட்களிலேயே மாநிலப் பொது சுகாதாரத் துறை இதை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்மீது மருந்து தெளிக்கக்கூடாது என்று அறிவுறுத்தியது. நல்லெண்ணத்தில் செய்தவர்களே அதிகம். ஆனால் உடலுக்குள் புகுந்துவிட்ட வைரஸைச் சட்டைமேல் தெளிக்கும் மருந்து ஒன்றும் செய்யாது. கண்ணும் மூச்சும்தான் எரியும்.

ஃபாகிங் தேவையா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லிவிடலாம். நோயாளிகள் இருக்கும் பகுதிகளில் அன்றாட வழக்கமாகக் கிருமிநாசினிப் புகை போட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும், கட்டடங்களுக்குள் தெளிப்பதையும் புகை போடுவதையும் வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை என்றது. காரணம் எளிது. கொஞ்சம் பின்பக்கம் வரை போனாலும், பெரும்பாலான துளி மேலிருந்து இறங்கி மேல்பக்கத்தில்தான் படியும். மேசையின் அடிப்பக்கம், மடிப்பு, அழுக்குக்குக் கீழே உள்ள இடம் எல்லாம் தப்பிவிடும். மேலும் மருந்துக்குக் கிருமியோடு ஈரமாக இத்தனை நிமிடம் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் வேண்டும். நுண்துளி அதற்குள் காய்ந்துவிடலாம். சோப்புத் தண்ணீரால் கழுவி, சரியான கரைசலால் கையால் துடைத்த அறைக்கு ஈடு எதுவும் இல்லை. துடைக்காமல் புகை மட்டும் போட்ட அறை, சுத்தமான அறை என்ற பொய்யான நம்பிக்கையைத்தான் தரும். வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் புகை வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குப் பிறகும் ஃபாகிங் செய்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. கட்டட வேலை முடிந்த அறுவை அரங்கு, நோய் கண்ட கோழிக் கொட்டகை போன்றவை. அங்கே வேலை துடைப்பதில் தொடங்கட்டும். தூசும் எச்சமும் கிடந்தால் மருந்து அதிலேயே செலவாகிவிடும். கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் மருந்தை மெதுவாக ஊற்றுங்கள். முதலில் மருந்து, பிறகு தண்ணீர் என்றால் வீரியம் மிகுந்த மருந்து முகத்தில் தெறிக்கும். கிணற்று உப்புத் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள உலோகங்கள் பெராக்சைடைச் சிதைக்கும், உப்பு இயந்திரத்தின் மூக்கை அடைக்கும். தாது நீக்கிய தண்ணீர் நல்லது. எந்த இரண்டு மருந்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். ஹைப்போவோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன். நேற்று வேறு மருந்து ஊற்றிய தொட்டியைக் கழுவாமல் இன்று நிரப்பினாலும் இதே கதைதான்.

தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்கும் இயந்திரம் இதற்கு ஆகாது. அது எரிபொருளை எரித்து, சூட்டில் புகையாக்கும் கருவி. அதற்குரிய மருந்து டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கலக்கும் பூச்சிக்கொல்லி. பெராக்சைடை அந்தச் சூட்டில் ஊற்றுவது ஆபத்து.

கலப்பவருக்கு ரப்பர் கையுறையும் பக்கம் மூடிய கண்ணாடியும் வேண்டும். துணி முகக்கவசமோ என்-95 கவசமோ துளியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு, அந்த மருந்துக்கென்று குறிப்பிட்ட வடிகட்டி பொருத்திய கவசம்தான் உதவும். இயந்திரத்தில் நேரத்தை வைத்துவிட்டு வெளியே வந்து, கதவு இடுக்கை அடைத்து, உள்ளே நுழையாதீர் என்ற பலகையை மாட்டுவது அதைவிடப் பாதுகாப்பு. அதற்குமுன் உள்ளே ஒருவரும் இல்லை என்று கழிவறை வரைக்கும் பார்த்துவிட வேண்டும். ஏ.சி.யை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் குழாய் வழியே பக்கத்து அறைக்கு மருந்து போகலாம்.

திறக்கும் நேரத்தில்தான் அவசரம் பலரை வீழ்த்துகிறது. ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று ஆறு முறை மாறும் அளவுக்கு வெளிக்காற்று வந்தால், காற்றில் மிதப்பது 99.9 சதவீதம் நீங்க 69 நிமிடம் ஆகும். நம் 550 மடங்கு, வரம்புக்குக் கீழே இறங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் தேவை. பன்னிரண்டு முறை மாறினால் 35 நிமிடம். காற்று எல்லா மூலைக்கும் சமமாகப் போகிறது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு இது. மூலையும் ஈரத் துணியும் அதைத் தாமதப்படுத்தும். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி. இதற்கு உதவாது. அது உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த சன்னலும் வேண்டும். மூக்கை நம்பவும் முடியாது: பெராக்சைடு ஆவிக்குச் சொல்லும்படியான மணம் இல்லை, ஃபார்மலின் மணமோ பழகிய மூக்குக்குத் தெரியாமல் போகும். அடிக்கடி ஃபாகிங் செய்யும் மருத்துவமனை, காற்றில் பெராக்சைடை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவைத்து, அது 1 பி.பி.எம்.முக்குக் கீழே காட்டிய பிறகே கதவைத் திறந்துவிட வேண்டும்.

யாருக்காவது இருமலோ கண் எரிச்சலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது கேனின் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்; என்ன மருந்து, எவ்வளவு வீரியம் என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்பது.